உறவினரல்லாத இருவர்

சுயவிபரக் கோவையில் பிறந்த திகதி, படித்த பாடசாலை, பெற்ற தகைமை எல்லாம் முடிந்தபிறகு அடியில் ஒரு சிறு தலைப்பு வரும்: ‘உறவினரல்லாத இருவர்’. உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லக்கூடிய, ஆனால் உங்களுக்குச் சொந்தமில்லாத இரண்டு பெரிய மனிதர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அங்கே போட வேண்டும். இந்த வரியை முதலில் யோசித்தவர் யாராக இருந்தாலும் மட்டக்களப்புப் பக்கம் வந்திருக்க மாட்டார். இங்கே ஒருவர் பெரிய மனிதரா இல்லையா என்று கண்டுகொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டால், மூன்றாவது தேநீருக்குள் அவர் உங்கள் தாய்வழியிலோ மனைவியின் தாய்வழியிலோ மாமா முறையாகிவிடுவார்.

அந்த வரியை அப்படியே நம்பி அதன்படி நடந்த ஒரே ஒருவரை எனக்குத் தெரியும். கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட, வாவியைப் பார்த்தபடி இருந்த ஓர் ஒடுங்கிய கடையில் போட்டோக் கொப்பி எடுத்துக்கொடுத்துக்கொண்டும், சுயவிபரக் கோவை தட்டிக்கொடுத்துக்கொண்டும் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லோரும் அக்கா என்றோம். அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் சொன்னார்கள்.

எனக்கு அவர் தேவைப்பட்ட காரணம் எளிமையானது. என் வேலை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தொண்டு நிறுவனத்தில் அறிக்கை எழுதுகிறவனாக இருந்தேன். நான் போகாத கூட்டங்களில், நான் பார்க்காத மக்கள், ‘ஆர்வத்துடன்’ கலந்துகொண்டதாக எழுதுவது என் கடமை. தமிழில் அந்தச் சொல்லை என்னளவுக்குப் பாவித்தவர்கள் குறைவு. வருடம் பூராவும் எப்படியோ ஓடிவிடும். மார்கழியில் வருடாந்த அறிக்கையும் மாரி மழையும் ஒன்றாக வரும்போதுதான், இனி ஒரு நாளும் இங்கே இருக்கமாட்டேன் என்று சபதம் எடுத்து, குடையை விரித்துக்கொண்டு அக்காவின் கடைக்குப் போவேன். இப்படி ஏழு மாரி போனேன்.

முதல் மாரியில் நான் கொண்டுபோன கோவை நான்கு பக்கம். இணையத்தைப் பார்த்தும் அகராதியைப் பார்த்தும், இடையிடையே என்னையே பார்த்து வியந்தும் எழுதியது. அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு வாசித்தார். வாசிக்கும்போது அவருடைய உதடு அசையாது. இடது கைப் பெருவிரல் மட்டும் வரிவரியாகக் கீழே இறங்கும். எங்கே விரல் நின்றதோ அந்த வரிக்கு ஆபத்து.

“தலைமைத்துவப் பண்பு எண்டு போட்டிருக்கிங்க தம்பி. ஆருக்குத் தலைவர்?”

அலுவலக நலன்புரிச் சங்கத்தில் உபதலைவர் என்றேன்.

“அதில என்ன செஞ்சிங்க?”

தலைவர் வராத நாட்களில் கூட்டத்தை நடத்துவது என் பொறுப்பு என்றேன்.

“எத்தின நாள் வரல்ல?”

எங்கள் தலைவர் காய்ச்சலோடும் கூட்டத்துக்கு வருகிற மனிதர். வரி போய்விட்டது.

அடுத்தது ‘அழுத்தத்தின் கீழ் பணிபுரியும் ஆற்றல்’. ஆர் அழுத்தினது என்று கேட்டார். மேலதிகாரி என்றேன். அழுத்தினபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டார். உண்மையான பதில், குடையை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தேன் என்பதுதான். அந்த வரியும் போய்விட்டது. ‘புதியன புனையும் திறன்’ இருந்த இடத்தில் அவர் ஒன்றுமே கேட்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். நானே அழித்துவிடுங்கள் என்றேன்.

எனக்கு முகம் சுருங்கியதைக் கண்டிருப்பார். “நீங்க பொய் சொல்றிங்க எண்டு நான் சொல்லல்ல தம்பி. இது நடக்கல்ல எண்டுதான் சொல்றன்,” என்றார். அவரிடம் கோவை எழுதப் போன அத்தனை பேரும் ஒருமுறையாவது கேட்ட வசனம் அது. கண்டிப்புத் துளியும் இருக்காது. மழை விட்டிட்டுது என்று சொல்வதைப்போலத்தான் சொல்வார்.

நான்கு பக்கம் ஒன்றேகால் பக்கமாயிற்று. வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்று வாசித்தேன். யாரோ ஒரு சாதாரண மனிதனைப் பற்றி எழுதியிருப்பதுபோல இருந்தது. மேலே பார்த்தால் என் பெயர்.

இப்படி வெட்டுகிறவரிடம் சனம் ஏன் வரிசையில் நின்றது என்று கேட்பீர்கள். வெட்டியது என்னைப்போன்ற ஆட்களுக்கு. வேறு சிலருக்குக் கோவை வளர்ந்தது. ஒருநாள் ஏறாவூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். ஒன்பது வருடம் வளைகுடாவில் ஒரு வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர். வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் வேலை இருக்கிறதாம், சின்னதாக ஒரு கடுதாசி போதும், பெயரும் முகவரியும் போட்டால் சரி என்றார். என்ன வேலை செய்தீர்கள் என்று அக்கா கேட்டதற்கு, “ஒண்டும் செய்யல்ல, வீட்டு வேலதான்,” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா விசைப்பலகையைத் தள்ளிவைத்துவிட்டு, காலையில் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள் என்பதிலிருந்து தொடங்கினார். நான் என் முறைக்காகக் காத்திருந்தேன். நேரம் போகப்போக அந்த வீட்டில் படுக்கையோடு கிடந்த ஒரு பெரியம்மா பேச்சுக்குள்ளிருந்து வெளியே வந்தார். அவருக்கு நாளுக்கு ஆறு வகை மருந்து. எதைச் சாப்பாட்டுக்கு முன், எதைப் பின் என்று அரபியில் எழுதியிருந்ததை வாசிக்க இவரே பழகிக்கொண்டிருக்கிறார். நோன்பு மாதத்தில் முப்பது பேருக்கு நோன்பு திறக்கச் சமைத்திருக்கிறார். கோபக்கார டாக்டர் ஒருவர் வருவாராம். அவர் தமிழில் திட்டு வாங்கியதே தெரியாமல் சிரித்துக்கொண்டு போன கதையைச் சொல்லும்போது அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கா அந்த நேரத்தில்தான் பேனையை எடுத்தார்.

கோவை இரண்டாம் பக்கத்துக்குப் போனது. வாசித்துக்காட்டியபோது அந்தப் பெண், “இது நானா அக்கா?” என்றார். “நடந்ததுதானே தங்கச்சி,” என்றார் அக்கா. அவருக்கு அந்த வேலை கிடைத்தது. இப்போது அந்த இல்லத்தில் மருந்து அலுமாரியின் திறப்பு அவரிடம்தான் இருக்கிறது.

கரடியனாற்றுப் பட்டதாரி ஒருவரும் நினைவுக்கு வருகிறார். நாலு வருடமாக அரசாங்க வேலைக்காகக் காத்திருந்தவர். எங்கள் வாவியில் மீன் பாடும் என்ற பழைய பேச்சை வைத்து, அவருடைய விண்ணப்பம் ‘மீன்பாடும் தேனாட்டின் மைந்தனாகிய நான்’ என்று தொடங்கியது. அக்கா என் பக்கம் திரும்பி, மீன் பாடினதில இவருக்கு என்ன பங்கு என்று கேட்டார். பிறகு அவரிடம் விசாரித்தார். மனிதர் சும்மா இருக்கிறேன் என்று சொன்ன நாலு வருடத்தில், அவர்களுடைய வட்டையில் வயல் செய்கிற அத்தனை பேருடைய நீர்ப்பம்பிகளையும் அவர்தான் கழற்றிப் பூட்டித் திருத்திக் கொடுத்திருக்கிறார். கூப்பிட்டால் போவேன், அது ஒரு வேலையா என்றார். கோவையில் தேனாட்டின் மைந்தன் போய்விட்டார். பம்பி திருத்துகிறவர் வந்தார். இன்று அவருக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகையில் மட்டும் தேனாட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். பலகை அவருடையது, அக்கா என்ன செய்வார்.

அக்காவின் வேலைமுறை ஒரு சிவப்பு மட்டைக் கொப்பியில் இருந்தது. வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னதெல்லாம் இடப்பக்கம். தன்னை மறந்து சிரித்துக்கொண்டு சொன்னது வலப்பக்கம். கோவையை எப்போதும் வலப்பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். மனிதர் சிரித்துக்கொண்டு சொல்கிற வேலையில் பொய் குறைவு, ஏனென்றால் அதை வேலை என்றே அவர்களுக்குத் தெரியாது என்பது அவருடைய கணக்கு.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று ஊருக்குத் தெரியும். அக்கா பத்தொன்பது வருடம் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தவர். பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகள் எல்லாம் அவருடைய மேசையில். ஒருநாள் வேலையை விட்டுவிட்டார். எங்கள் பகுதியில் ஒருவர் பென்சன் உள்ள வேலையைத் தானாக விடுவது, நல்ல தேகத்தோடு நடந்துபோய்ச் சுடுகாட்டில் படுத்துக்கொள்வதற்குச் சமன். மூன்று நாள் வீட்டுக்கு ஆள் வந்ததாம். சித்திமார் இருவர் மூக்கைச் சிந்தினார்களாம். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக் கொடுத்துச் சீனி முடிந்துபோய், கடைசியில் வந்த பெரியப்பாவுக்குப் பனங்கட்டி கடிக்கக் கொடுத்ததாகச் சொல்லிச் சிரிப்பார்.

ஏன் விட்டீர்கள் என்று நானும் கேட்டேன். முதலில் தன்னுடைய தாளைத்தான் எழுதிப் பார்த்தாராம். இடப்பக்கம் நிரம்பி மறுபக்கத்துக்கும் போயிற்று. வலப்பக்கத்தில் ஒரே ஒரு வரி: கலியாணம் எழுத வருகிற சோடிகள் கையெழுத்து வைக்க முதல் பேனையை உதறிப் பார்க்கிற விதம். “அத எழுதக்க நான் சிரிச்சிட்டன் தம்பி. பத்தொன்பது வருசத்துக்கு ஒரு வரி. காணுமா?” என்றார்.

அந்தப் பத்தொன்பது வருடம் வீண்போகவில்லை. யார் யாருடைய பிள்ளை, யார் எந்தத் தாய்வழிக் குடி, யாருடைய தாயும் யாருடைய தாயும் ஒரு வயிறு என்பது முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது. அதனால் ‘உறவினரல்லாத இருவர்’ என்ற இடத்துக்கு வரும்போது அவரிடம் யாரும் தப்ப முடியாது. நான் முதலில் சொன்ன வைத்தியர் என் தாயின் குடி. இரண்டாவது சொன்ன பொறியியலாளர் என் மனைவிக்கு அண்ணன் முறை; அதை என் மனைவியே அறிந்திருக்கவில்லை. மூன்றாவதாக, யோசித்து யோசித்து, என்னைச் சிறுவயதில் பிரம்பால் அடித்த ஓய்வுபெற்ற பாடசாலை அதிபரைச் சொன்னேன். பாசம் இருந்தால் அப்படி அடித்திருக்க மாட்டார் என்பது என் வாதம்.

“அவர்ட தகப்பனும் உங்கட அம்மம்மாவும் ஒரு குடி. அவருக்கு உங்கட அம்மா மச்சாள் முறை. ஏலா.”

அப்படியானால் இந்த ஊரில் எனக்குச் சொந்தமில்லாதது யார்தான் என்று கேட்டேன். கொஞ்சம் உரத்துத்தான் கேட்டேன். அக்கா சன்னலால் வெளியே பார்த்து உண்மையாகவே யோசித்தார்.

“கல்லடிப் பாலம். அதுக்குக் கையெழுத்து வைக்க ஏலாதே.”

அது ஐந்தாவது மாரி. ஒரு கல்வி நிறுவனத்தில் தகவல் அலுவலர் பதவி. என் கனவு என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில் நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். அக்கா தட்டித்தந்த கோவையை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குள் போய், வேறொரு கடையில், அக்கா வெறுமையாக விட்டிருந்த அந்த இடத்தில் முதல் பெயராக அதிபரைப் போட்டுக்கொண்டேன். நேர்முகம் நன்றாகப் போயிற்று. அவர்கள் அதிபருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அதிபருக்கு என்னைப் பற்றிக் கேட்டதும் உள்ளம் பொங்கிவிட்டது. “நம்மட பொடியன்தானே. என்ட மச்சாள்ட மகன்,” என்றாராம். அதற்குப் பிறகு அவர் சொன்ன அத்தனை நல்ல வார்த்தையும் வீண். உறவினரல்லாதவர் என்று நான் கையெழுத்து வைத்துக்கொடுத்த கடுதாசி, அவர் வாய் திறந்த உடனேயே பொய்யாகிவிட்டது.

அதிபரில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரிய வேலைக்குப் போகிற ஒரு பையனை, சொந்தமில்லை என்று அந்நியனிடம் சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. அப்படிச் சொல்வது, பந்தியில் இருக்கிறவனை எழுப்பி விடுவதுபோல.

அடுத்த நாள் அக்கா கடைக்கு முன்னால் தலையைத் திருப்பிக்கொண்டு போகப் பார்த்தேன். உள்ளே இருந்தபடியே கூப்பிட்டார். எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லோரும் சொந்தமாக இருக்கிற ஊரில் செய்தி நம்மைவிட முந்தி வீட்டுக்குப் போய்விடுகிறது. ஒரு சொல் ஏசவில்லை. என் கோவையை மற்றக் கடையில் எந்த எழுத்துருவில் தட்டினார்கள் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். “அது வடிவில்ல,” என்றார். அதோடு முடிந்தது.

ஏழாவது மாரியில்தான் உண்மையாகவே கத்தி கழுத்துக்கு வந்தது. எங்கள் திட்டம் மாசியோடு முடிகிறது என்று கடிதம் வந்தது. எனக்கு நாற்பத்தைந்து வயது. மனைவியின் தாய்மாமா ஒருவர் வேறொரு தொண்டு நிறுவனத்தில் செல்வாக்குள்ளவர். அங்கே அதே வேலை, அதே அறிக்கை, அதே ‘ஆர்வத்துடன்’. கோவைகூடத் தேவையில்லை, ஒரு கிழமைக்குள் ஓம் என்று சொன்னால் போதும் என்றார். ஓம் என்றால் அறுபது வயதுவரை எழுதலாம். அதுதான் என் பயம். எழுதியே தொலைத்துவிடுவேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அக்காவிடம் போய் முறையிட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரு கடுதாசியை எடுத்து என் முன்னால் வைத்தார். கொழும்பிலிருந்து வந்த ஓர் அம்மையார் வாவியில் இரண்டு படகு விடப்போகிறாராம். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக் காட்டப்போகிறார். பயணிகளோடு கதைத்துக்கொண்டு போக ஆள் தேவை. விளம்பரத்தைப் பிரதி எடுக்க வந்தபோது அக்கா ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.

நான் சிரித்தேன். கழுத்தில் ரை கட்டிக்கொண்டு அலுவலகம் போன மனிதன் நான், படகில் நின்று கையைக் காட்டச் சொல்கிறீர்களா என்றேன். அக்கா சிவப்பு மட்டைக் கொப்பிகள் சிலவற்றை எடுத்து, என் தாள்களைப் பிரித்து ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். ஏழு மாரி, ஏழு தாள். இடப்பக்கங்களை வாசிக்க எனக்கே அலுப்பாக இருந்தது. முறைப்பாட்டில்கூட நான் புதிதாக ஒன்றும் புனையவில்லை. வலப்பக்கங்களில் முழுக்கத் தண்ணீர்.

எங்கள் நிறுவனத்துக்கு வெளிநாட்டிலிருந்து விருந்தினர் வருவார்கள். எனக்கு ஆங்கிலம் வரும், அலுவலகத்தில் வேறு பிரயோசனமும் இல்லை என்பதால் அவர்களைத் தோணியில் ஏற்றி வாவியைக் காட்டி வருகிற பொறுப்பு என்னிடம் விழுந்தது. ஒவ்வொரு மாரியும் அக்காவிடம் வந்து அழுது முடித்தபிறகு, தோணிக் கதை ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறேன். எனக்கே தெரியாது. கண்டல் காட்டுக்குள் தோணி சிக்கிய கதை. இறால் சுட்டுத் தின்ற கதை. பெரிய தொப்பி போட்ட ஒரு வெளிநாட்டு அதிகாரியின் கதை. காற்று அவருடைய தொப்பியைத் தூக்கித் தண்ணீரில் போட, ஒரு நீர்க்காகம் வந்து அதன்மேல் ஏறி இறக்கையை விரித்துக்கொண்டு வெயில் காய்ந்தது. இதற்கு உங்கள் பகுதியில் என்ன அர்த்தம் என்று அவர் பயபக்தியோடு கேட்டார். மிகவும் நல்ல சகுனம் என்று சொல்லத் தொடங்கிய நான் பாதியில் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்து, தோணி ஆடி, காகம் பறந்து, தொப்பி தண்ணீருக்குள் மூழ்கியது.

“இதில எங்கயாவது ஆர்வத்துடன் எண்டு போட்டிருக்கா பாருங்க,” என்றார் அக்கா. இல்லை. ஒரு இடத்திலும் இல்லை.

வீட்டில் மனைவியிடம் பயந்து பயந்து சொன்னேன். மாமா கோபிப்பார், சனம் சிரிக்கும் என்றெல்லாம் நானே எதிர்வாதமும் செய்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “இவ்வளவு வருசமா நான் இருந்து கேட்டிட்டன். இனி வேற ஆராவது கேக்கட்டும்,” என்றாள். என் திறமைக்குக் கிடைத்த முதல் நற்சான்று அது. உறவுக்காரர் கொடுத்தது என்பதால் கோவையில் போட முடியவில்லை.

கோவை முக்கால் பக்கத்தில் முடிந்தது. அதில் இருந்ததெல்லாம் நடந்தது. மீண்டும் அந்தக் கடைசித் தலைப்பு வந்து நின்றது. முதல் ஆளுக்குத் தொப்பிக்காரரைப் போட்டோம். நீர்க்காகத்துக்குப் பிறகு அவர் எனக்கு வருடம் தவறாமல் கடிதம் போடுகிறவர். அவருக்கும் எனக்கும் சொந்தம் இருக்க வழியில்லை என்று நான் சொன்னபோதும் அக்கா உடனே தலையாட்டவில்லை. ஒல்லாந்தர் பறங்கியர் என்று இந்த ஊரில் வந்துபோன ஆட்களையெல்லாம் மனதுக்குள் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தபிறகுதான் சரி என்றார். இரண்டாவது ஆள் இல்லை.

“என்ட பேரப் போடுங்க,” என்றார் அக்கா.

அவருடைய ஆட்கள் கதிரவெளிப் பக்கம். அவர் எப்போதோ இதைச் சரிபார்த்து வைத்திருக்கிறார். எந்தப் பக்கத்தால் போனாலும் எங்கள் இரண்டு பகுதிக்கும் ஒட்டு இல்லையாம். ஆனால் ஒரு நிபந்தனை. கேட்டால் நடந்ததைத்தான் சொல்வார். என்னைப் பற்றி நடந்ததை என் மனைவியைவிட அதிகம் அறிந்த ஒரே ஆள் அவர்தான். ஏழு இடப்பக்கம் அவரிடம் இருக்கிறது.

நேர்முகம் தோணித் துறையில், ஒரு பிளாஸ்டிக் கதிரையில் நடந்தது. அம்மையார் கோவையை ஒருமுறை வாசித்துவிட்டு முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார். “நீங்க மீன் பாடுறத கேட்டிருக்கீங்களா?” இங்கே பிறந்த எந்த மனிதனும் ஓம் என்று சொல்கிற கேள்வி. நானும் வாயைத் திறந்தேன். பெருவிரல் ஒன்று அந்த வரியில் வந்து நிற்பதுபோல இருந்தது.

“இல்லை,” என்றேன். “கேட்டதாகச் சொன்ன ஆட்களைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லலாம்.”

அம்மையார் கைப்பேசியை எடுத்து, என் முன்னாலேயே, எனக்கும் கேட்கும்படியாக அக்காவை அழைத்தார். இவரை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டார்.

“ஏழு வருசம். மாரிக்கு மாரி வருவார். வேலைய விடப்போறன் எண்டு சொல்லுவார். விடமாட்டார்.”

நான் தண்ணீரைப் பார்த்தேன். ஆழம் போதுமானதாகத்தான் இருந்தது.

“வேலை எப்படி செய்வார்?”

“அலுவலக வேல எனக்குத் தெரியா, நான் பாக்கல்ல. தோணியில ஏத்தினா பறைஞ்சுகொண்டே இருப்பார். பாதி படிச்சது, பாதி ஆரோ சொன்னது. கேக்கிற ஆளுக்கு இறங்க மனம் வராது. நான் கடையில இருந்து கேட்டே ரெண்டு தரம் பஸ்ஸ விட்டிருக்கன்.”

“பொய் சொல்லுவாரா?”

தொலைபேசியில் வாவிக் காற்று இரைந்தது.

“சொல்ல வெளிக்கிடுவார். பாதியில சிரிச்சிருவார். புடிச்சிரலாம்.”

அம்மையார் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வேலை கிடைத்தது. மாமாவுக்கு இல்லை என்று சொல்லப் போனபோது அவர் என்னைப் பார்த்த பார்வை, பனங்கட்டி கடித்த பெரியப்பாவின் பார்வையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் சனம் கைப்பேசியிலேயே கோவை செய்யத் தொடங்கிவிட்டது. பெயரை அடித்தால் தலைமைத்துவப் பண்பு தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அக்கா கடையை மூடினார். நாங்கள் சிலர் துக்கம் விசாரிக்கப் போனோம். அவர் எங்களுக்கு நேரம் தரவில்லை. அதற்குள் மூன்றாவது தொழிலில் இறங்கிவிட்டார். கலியாணத் தரகு. யார் யாருக்கு எந்த முறை என்று தலைக்குள் வைத்திருப்பவருக்கும், பேனையை உதறிப் பார்க்கிற சோடிகளைப் பார்த்துச் சிரிப்பவருக்கும் வேறென்ன வேலை பொருந்தும்? இத்தனை வருடம் சொந்தமில்லாத ஆட்களைத் தேடினார். இப்போது சொந்தமாக்கத் தேடுகிறார்.

வேலைமுறை மாறவில்லை. மாப்பிள்ளைமாரின் குறிப்பையும் அவரே எழுதுகிறார். ‘சமையலில் ஆர்வமுள்ளவர்’ என்று ஒரு தாய் சொன்னால், கடைசியாக என்ன சமைத்தார் என்று மகனிடம் கேட்பார். குறிப்பில் ‘முட்டை பொரிப்பார்’ என்று வரும். பெண்வீட்டார் இதற்காகவே அவரைத் தேடி வருகிறார்களாம். பொரித்த முட்டையாவது நிச்சயம் என்ற நிம்மதி.

போன மாதம் ஒரு காலை, நான் படகைக் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா துறைக்கு வந்தார். பட்டுச் சேலை. கையில் வெற்றிலைத் தட்டு. கலியாணம் சொல்ல வந்திருந்தார். அவருடைய தம்பியின் மகனுக்கும் என் மனைவியின் தங்கையின் மகளுக்கும். பேச்சு நடப்பது எனக்குத் தெரியும். முடித்துவைத்தவர் இவர் என்பதும் தெரியும். இந்தக் கலியாணத்தையும் என் கோவையையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்தபோது அக்கா சொன்னார்:

“தம்பி, இனி நாம சம்மந்திப் பகுதி. உங்கட கடதாசியில இருந்து என்ட பேர எடுத்திருங்க.”

பழைய விஷயம், யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு ஒருமுறை பார்த்தார். எடுத்துவிடுகிறேன் என்றேன். பிறகு படகில் ஏறி உட்கார்ந்துகொண்டு, முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து வீடு சொல்லக் கிடக்கிறது, பாலத்தடி மட்டும் கொண்டுபோய் விடுங்கள், போகிற வழியில் தொப்பிக் கதையை இன்னொருதரம் சொல்லுங்கள் என்றார்.

அன்று மாலை கோவையைத் திறந்து அவருடைய பெயரை அழித்தேன். ‘உறவினரல்லாத இருவர்’ என்ற தலைப்பின் கீழே இப்போது ஒருவர்தான் இருக்கிறார். இரண்டாவது இடம் வெறுமையாகக் கிடக்கிறது. இந்த மாரியும் மழை நன்றாகத்தான் பெய்தது. அந்த இடத்தை நிரப்ப வேண்டிய தேவை வரவில்லை.